போர் தண்ணீரில் எண்ணெய்: கம்ப்ரசரைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியது

(சென்ற மாதம் நடந்த சிறப்புப் பொதுக்குழுக் கூட்டத்தில், சி பிளாக்கைச் சேர்ந்த நம் குடியிருப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம் இது. நிலத்தடி நீர் ஆய்வுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாகத் தருகிறோம். – செய்திமடல் குழு)



தலைவர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். அதில் முதல் நிமிடத்தை ஒரு ஒப்புதல் வாக்குமூலத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். நம்முடைய இரண்டாவது போரில், பின்பக்கச் சுவரை ஒட்டி இருக்கிற போரில், கம்ப்ரசர் போடலாம் என்று 2017-இல் கமிட்டியில் சொன்னவன் நான். செகண்ட் ஹேண்டில் நல்ல விலைக்கு வருகிறது, வாங்கிவிடலாம் என்று சொன்னவனும் நான்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு, நான் சொல்லப் போவதைக் கேளுங்கள்.

நிலைமை உங்களுக்குத் தெரியும். மூன்று மாதமாக பி, சி பிளாக் தண்ணீரில் ஒரு வாடை. பக்கெட்டில் பிடித்து வைத்தால் மேலே வானவில் நிறத்தில் ஒரு படலம். சிலர் மண்ணெண்ணெய் வாடை என்கிறார்கள், சிலர் மோட்டார் எண்ணெய் வாடை என்கிறார்கள். ஒரு சாம்பிள் எடுத்து ஆய்வகத்துக்குக் கொடுத்தோம். எண்ணெய், கிரீஸ் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று ரிப்போர்ட் வந்தது. அந்த ரிப்போர்ட் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த அன்றைக்கு ராத்திரியே நாம் தீர்ப்பு எழுதிவிட்டோம். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற டூ வீலர் மெக்கானிக்தான் காரணம், கழிவு எண்ணெயைத் தரையில் ஊற்றுகிறார், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுக்க வேண்டும், கடையைக் காலி செய்ய வைக்க வேண்டும்.

இன்றைக்கு நம் முன்னால் இரண்டு தீர்மானங்கள் இருக்கின்றன. ஒன்று, அந்தப் புகார். இன்னொன்று, லாரி கம்ப்ரசர் கொண்டுவந்து போரை ஃப்ளஷ் பண்ண ஒரு கோட்டேஷன். இரண்டையும் கொஞ்ச நாள் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்கத்தான் வந்திருக்கிறேன். ஏன் என்பதற்கு, கம்ப்ரசர் போருக்குள் என்ன செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

கம்ப்ரசர் போர் எப்படி வேலை செய்கிறது

முன்பக்க கேட் பக்கம் இருக்கிற முதல் போரில் சப்மெர்சிபிள் மோட்டார். மோட்டாரே தண்ணீருக்குள் உட்கார்ந்து தள்ளுகிறது. பின்பக்கப் போரில் அப்படி இல்லை. அதில் உள்ளே எந்த இயந்திரமும் கிடையாது. இரண்டு குழாய் மட்டும்தான். சின்னக் குழாய் வழியாக மேலே இருக்கிற கம்ப்ரசர் காற்றை அடிக்கிறது. காற்று அடியில் போய்க் குமிழியாக வெளியே வந்து பெரிய குழாயில் ஏறுகிறது. குமிழி கலந்த தண்ணீர், சுற்றி இருக்கிற தண்ணீரைவிட எடை குறைவு. அதனால் வெளியே இருக்கிற தண்ணீர் அதை மேலே தள்ளிவிடுகிறது. அதனால்தான் அந்தத் தண்ணீர் நுரை நுரையாக, விட்டு விட்டுக் கொட்டுகிறது.

ஊற்று குறைந்த போருக்கு இது நல்ல ஏற்பாடு. தண்ணீர் வற்றினாலும் மோட்டார் எரியாது. மணல் வந்தாலும் கவலை இல்லை. அதனால்தான் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு, தோட்டத்துக்குத் தோட்டம் கம்ப்ரசர் போர் இருக்கிறது. 2017-இல் நான் சொன்ன காரணமும் அதுதான். அதில் தப்பில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். சப்மெர்சிபிள் போட்டால் தண்ணீரை மோட்டார் தொடுகிறது. கம்ப்ரசர் போட்டால், கம்ப்ரசர் விடுகிற மூச்சு முழுவதும் தண்ணீருக்குள் போகிறது. அந்த மூச்சில் என்ன இருக்கிறதோ அது நம் சம்ப்பில் இருக்கும்.

அந்த மூச்சில் என்ன இருக்கிறது

நம் கம்ப்ரசர் பிஸ்டன் வகை. சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓட எண்ணெய் வேண்டும். பிஸ்டன் ரிங் புதிதாக இருக்கும்போது எண்ணெய் கீழேயே நிற்கும். ரிங் தேய்ந்தால் எண்ணெய் மேலே ஏறிக் காற்றோடு கலந்து போகும். பனிப்படலம் மாதிரி. கண்ணுக்குத் தெரியாது.

நான் போன வாரம் மோட்டார் அறைக்குப் போய் நம் ஆப்பரேட்டர் தம்பியிடம் மோட்டார் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அவரைப் பாராட்ட வேண்டும், ஒவ்வொன்றையும் எழுதி வைத்திருக்கிறார். கம்ப்ரசருக்கு மாதம் கால் லிட்டர் எண்ணெய் ஊற்றியிருக்கிறார், ஒரு வருடமாக. கம்ப்ரசருக்கு அடியில் தரையைத் தடவிப் பார்த்தேன். ஒழுகிய கறை இல்லை. அப்படியானால் வருடத்துக்கு மூன்று லிட்டர் எண்ணெய் எங்கே போனது?

ஒரு கணக்கு போட்டேன். கால் லிட்டர் எண்ணெயின் எடை ஏறக்குறைய 217 கிராம். கம்ப்ரசர் நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடுகிறது, மாதம் 120 மணி நேரம். நிமிடத்துக்கு 20 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் மாதம் 1,44,000 லிட்டர். 217 கிராமை அதில் கலந்தால் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம். ரிப்போர்ட்டில் இருப்பது 2.

இதனால் மெக்கானிக் நிரபராதி என்று நான் சொல்லவில்லை. கணக்கு ஒத்துப்போவது வேறு, நிரூபணம் வேறு. ஆனால் நம் வீட்டுக்குள்ளேயே ஒரு சந்தேகம் இருக்கும்போது சுவர் ஏறிப் பக்கத்து வீட்டுக்காரரைப் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான். இன்னொரு சந்தேகமும் உண்டு. நம் கம்ப்ரசர் ஜெனரேட்டர் அறையில் இருக்கிறது. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடும்போது கம்ப்ரசரும் ஓடினால், டீசல் புகையை உறிஞ்சித் தண்ணீருக்குள் அடிக்கிறது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் நான் இருந்த கமிட்டிதான்.

அந்தச் சாம்பிள் ஏன் செல்லாது

இப்போது அந்த ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். ஆய்வகத்தின் மேல் குற்றம் இல்லை. நாம் கொடுத்ததை அவர்கள் பரிசோதித்தார்கள். நாம் என்ன கொடுத்தோம்? கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது, சம்ப்பில் விழுகிற குழாயில், காலியான கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தோம்.

காற்றடித்து எடுத்த சாம்பிள் இரண்டு பக்கமும் பொய் சொல்லும். இல்லாததை இருக்கிறது என்று காட்டும், கம்ப்ரசர் எண்ணெய் அதில் சேர்ந்துவிடுவதால். இருப்பதை இல்லை என்றும் காட்டும். பெட்ரோலில் இருக்கிற பென்சீன், டொலுயீன் போன்றவை எளிதில் ஆவியாகிறவை. தண்ணீரில் காற்றுக் குமிழி விட்டால் அவை குமிழியோடு பறந்துவிடும். நாம் உண்மையில் பயப்பட வேண்டியது பென்சீனுக்குத்தான். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அமெரிக்காவில் வரம்பு 5 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமான ஒன்றை, நுரை பொங்கும் குழாயில் பிடித்துக் கண்டுபிடிக்க முடியாது. அதாவது பெட்ரோல் கலந்திருந்தால்கூட இந்தச் சாம்பிளில் அது தெரிந்திருக்காது.

இரும்புச்சத்துக்கும் இதே கதிதான். தண்ணீருக்குள் கரைந்திருக்கிற இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாக மாறி அடியில் தங்கும். கரியமில வாயு வெளியேறுவதால் பி.எச். அளவும் ஏறிவிடும்.

சாம்பிள் எடுக்க என்ன கம்ப்ரசர்

நிலத்தடி நீர் ஆய்வுக்காரர்களும் கம்ப்ரசர்தான் பயன்படுத்துகிறார்கள். ஆச்சரியமாக இருக்கலாம். ஆனால் அவர்கள் காற்றைத் தண்ணீரில் விட மாட்டார்கள். பிளாடர் பம்ப் என்று ஒன்று இருக்கிறது. ஸ்டீல் குழாய்க்குள் ஒரு பை. பைக்குள் தண்ணீர் நிரம்பும். பைக்கு வெளியே காற்றடித்தால் பை பிழியப்பட்டுத் தண்ணீர் மேலே போகும். காற்றை விட்டால் பை மறுபடி நிரம்பும். மாட்டு மடியைப் பிழிவது மாதிரி. கை பாலைத் தொடுவதில்லை, காற்று தண்ணீரைத் தொடுவதில்லை.

இதற்குக் கம்ப்ரசர் தேர்ந்தெடுக்கப் பார்க்க வேண்டியவை நான்கு.

முதலாவது அழுத்தம். ஒரு அடி தண்ணீரை உயர்த்த 0.433 பி.எஸ்.ஐ. வேண்டும். களத்தில் சுலபமாக, அடிக்கு அரை பி.எஸ்.ஐ., அதோடு குழாய்க்காகப் பத்து என்று கணக்கு வைப்போம். நம் போர் 180 அடி. தண்ணீர் 55 அடியில் நிற்கிறது. பம்பை 100 அடியில் இறக்கினால் 50-உம் 10-உம் 60 பி.எஸ்.ஐ. போதும். லாரி கம்ப்ரசரின் முந்நூறு பி.எஸ்.ஐ.யெல்லாம் இதற்குத் தேவையே இல்லை.

இரண்டாவது காற்றின் அளவு, அதாவது சி.எஃப்.எம். கோட்டேஷன்களில் பலர் ஹெச்.பி.யை மட்டும் எழுதுவார்கள். பிஸ்டன் கம்ப்ரசரில் ஒரு ஹெச்.பி.க்கு 100 பி.எஸ்.ஐ.யில் மூன்று முதல் நான்கு சி.எஃப்.எம். கிடைக்கும். சாம்பிள் பம்புக்கு ஒன்றிரண்டு சி.எஃப்.எம். தாராளம். ஏனென்றால் நாம் வேகமாக இறைக்கப் போவதில்லை. நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் வரைதான். அரை டம்ளரில் இருந்து இரண்டரை டம்ளர் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக இழுத்தால் சேறு கலங்கும், ஆவியாகும் பொருட்கள் போய்விடும்.

மூன்றாவது எண்ணெய். சாம்பிள் வேலைக்கு எண்ணெய் இல்லாத கம்ப்ரசர் மட்டும்தான். பை கிழிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். காற்றின் தூய்மைக்கு ஐ.எஸ்.ஓ. 8573-1 என்று ஒரு தரம் உண்டு. அதில் எண்ணெய்க்கு வகுப்பு 1 என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் 0.01 மில்லிகிராமுக்குள். வகுப்பு 4 என்றால் 5 மில்லிகிராம் வரை. கம்ப்ரசர்காரரிடம் "ஆயில் ஃப்ரீயா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எந்த வகுப்பு என்று கேளுங்கள். எண்ணெய் கம்ப்ரசருக்கு ஃபில்டர் போட்டுத் தருகிறேன் என்பார்கள். ஃபில்டர் நல்லதுதான், ஆனால் அதை மாற்ற வேண்டிய தேதியில் மாற்ற வேண்டும். நம் சங்கத்தில் தண்ணீர்த் தொட்டி கழுவுகிற தேதியே தள்ளிப்போகிறது.

நான்காவது, கம்ப்ரசர் எங்கிருந்து காற்றை எடுக்கிறது என்பது. எண்ணெய் இல்லாத கம்ப்ரசர் என்றால் அது எண்ணெய் சேர்க்காது என்றுதான் அர்த்தம். வெளியே இருக்கிற புகையை அது சுத்தம் செய்யாது. பெட்ரோல் எஞ்சினில் ஓடும் கம்ப்ரசரைப் போர் பக்கத்தில் வைத்துப் பென்சீன் சாம்பிள் எடுத்தால், எஞ்சின் புகையில் இருக்கிற பென்சீனும் பாட்டிலுக்குள் வரும். அதனால் பேட்டரியில் ஓடுகிற சின்னக் கம்ப்ரசர் நல்லது. கார் டயருக்குக் காற்றடிப்பதைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். சிலர் நைட்ரஜன் சிலிண்டர் கொண்டு வருவார்கள், அதுவும் சரி.

இவ்வளவு சின்னக் கருவியா என்று கேட்பீர்கள். பெரிய கருவி வந்தால் பெரிய வேலை நடந்ததாக நமக்கு ஒரு திருப்தி. நானும் அந்தத் திருப்திக்கு ஆளானவன்தான்.

எப்படி எடுக்க வேண்டும்

கம்ப்ரசரை இன்றே நிறுத்த வேண்டும். போரில் இருக்கிற காற்றுக் குழாயையும் வெளியே எடுக்க வேண்டும், ஏழெட்டு வருட எண்ணெய் அதன் உள்ளே ஒட்டியிருக்கும். இரண்டு வாரம் போரை அப்படியே விட வேண்டும்.

சாம்பிள் எடுக்கிற அன்று, முதலில் பெய்லர் என்கிற ஒளி புகும் குழாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மெதுவாக இறக்கிப் பார்க்க வேண்டும். பெட்ரோல், டீசல் இரண்டும் தண்ணீரைவிட இலேசானவை, மேலே மிதக்கும். மிதந்தால் கண்ணாலேயே தெரியும். அப்படித் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு வாரியத்துக்குச் சொல்ல வேண்டும்.

மிதக்கவில்லை என்றால் பிளாடர் பம்பை இறக்கி மெதுவாக இறைக்க வேண்டும். பி.எச்., மின்கடத்துதிறன், கலங்கல் மூன்றையும் சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளப்பார்கள். மூன்று முறை தொடர்ந்து ஏறக்குறைய ஒரே அளவு வந்தால், குழாயில் தேங்கிய தண்ணீர் போய்ப் பூமியில் இருக்கிற தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். அப்போதுதான் பாட்டிலில் பிடிக்க வேண்டும்.

பாட்டிலும் முக்கியம். பென்சீன் வகைக்கு 40 மில்லிலிட்டர் பழுப்புக் கண்ணாடிக் குப்பி. விளிம்பு வரை நிரப்பி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூட வேண்டும். கவிழ்த்துத் தட்டிப் பார்ப்பார்கள். எண்ணெய்க்கு அகல வாய்க் கண்ணாடி பாட்டில். பிளாஸ்டிக் ஆகாது, எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் ஐஸ் பெட்டியில் போக வேண்டும்.

ஒரே சாம்பிள் போதாது. பின்பக்கப் போரில் ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க முன்பக்கப் போரில் ஒன்று. அதே பம்பில் காய்ச்சி வடித்த நீரை விட்டு எடுத்த வெற்றுச் சாம்பிள் ஒன்று, நம் கருவியே அழுக்கு இல்லை என்று காட்டுவதற்கு. கடைசியாக, நம் கம்ப்ரசரின் எண்ணெயில் ஒரு ஸ்பூன்.

அந்த ஸ்பூன் எதற்கு? எண்ணெய்க்கும் கைரேகை உண்டு. கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற கருவியில் பெட்ரோல் முன்னால் வரும், டீசல் நடுவில், மசகு எண்ணெய் கடைசியில். மெக்கானிக் கடையின் பழைய எஞ்சின் ஆயிலில் பெட்ரோல் மிச்சமும் உலோகத் துகளும் கலந்திருக்கும். கம்ப்ரசர் எண்ணெயில் அவ்வளவாக இருக்காது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடலாம். பென்சீன், கைரேகை இரண்டும் செய்கிற, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள ஆய்வகமாகப் பார்க்க வேண்டும். சாதாரணக் குடிநீர்ப் பரிசோதனையில் இவை வராது.

ஃப்ளஷிங் ஏன் இப்போது வேண்டாம்

அடுத்து லாரி கம்ப்ரசர். போரில் மணலும் சேறும் அடைத்து ஊற்று குறைந்தால் ஃப்ளஷிங் அருமையான வேலை. ஆனால் மாசுக்கு அது மருந்து இல்லை. அந்தப் பெரிய கம்ப்ரசர்களும் பெரும்பாலும் எண்ணெயில் ஓடுகிறவை. போர் போடும் ரிக்கில் சுத்தியலுக்கு எண்ணெய் வேண்டும் என்று காற்றுக்குள் வேண்டுமென்றே எண்ணெய் விடுவார்கள். அதே லாரி நம் போருக்கு வந்தால் புது எண்ணெய் சேரும். உண்மையிலேயே பெட்ரோல் மிதந்துகொண்டிருந்தால் இன்னும் ஆபத்து. முந்நூறு பி.எஸ்.ஐ. காற்றில் அது ஆவியாகிக் கார் பார்க்கிங் முழுக்கப் பரவும். முக்கியமாக, ஃப்ளஷ் பண்ணிய பிறகு யார் எண்ணெய் என்று கண்டுபிடிக்கிற தடயம் போய்விடும்.

இது ஏதோ தூரத்துக் கதை இல்லை. 2013-இல் நம் சென்னையிலேயே தண்டையார்பேட்டையில், பூமிக்கு அடியில் போன எண்ணெய்க் குழாய்க் கசிவால் வீட்டு போர்களில் எண்ணெய் வந்தது. பசுமைத் தீர்ப்பாயம் வரை போன விஷயம். உண்மையான கசிவு என்றால் அது ஒரு சங்கத்தின் வேலை அல்ல, அரசு அமைப்புகள் வர வேண்டிய வேலை.

அப்படி ஒரு நிலை வந்தால் சுத்தம் செய்வதிலும் கம்ப்ரசருக்கு இடம் உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் மிதக்கிற எண்ணெயை எடுப்பார்கள். பிறகு தண்ணீர் மட்டத்துக்குக் கீழே தனிக் குழாய்களில் மெதுவாகக் காற்று விடுவார்கள். காற்று பெட்ரோல் ஆவியை மேலே கொண்டுவரும், அதை மேலே இன்னொரு குழாயால் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சாவிட்டால் ஆவி நம் பேஸ்மென்ட்டுக்குள் வரும். காற்றில் இருக்கிற ஆக்சிஜன், எண்ணெயைத் தின்கிற பாக்டீரியாவுக்கும் உதவும். இதற்கு அழுத்தம் குறைவாகவே வேண்டும். தண்ணீர் மட்டத்துக்கு 20 அடி கீழே விட 9 பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேலே போதும். கூட்டினால் மண் பிளந்து, காற்று ஒரே வழியாக ஓடிவிடும். ஆனால் மாதக் கணக்கில் ஓட வேண்டும். பிஸ்டன் கம்ப்ரசர் அதற்குத் தாங்காது. எண்ணெய் இல்லாத புளோயர் அல்லது ஸ்க்ரூ வகைதான் சரி. இது மணலில் நன்றாக வேலை செய்யும். நம் பகுதியில் மேலே மண், கீழே பல்லாவரம் குவாரியில் பார்க்கிற அதே சார்னோகைட் பாறை. பாறை இடுக்கில் காற்று நாம் சொல்கிற வழியில் போகாது. மசகு எண்ணெய் என்றால் இது பலிக்கவே பலிக்காது, அது ஆவியாகாது. அதனால் எந்த எண்ணெய் என்று தெரியாமல் எந்த இயந்திரத்துக்கும் பணம் கட்டக் கூடாது.

அடிக்கடி கேட்கிற கேள்விகள்

கொதிக்க வைத்தால் போகாதா என்று பலர் கேட்டார்கள். எண்ணெய் போகாது. பென்சீன் இருந்தால் அது ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும். குளோரின் மாத்திரை கிருமிக்குத்தான், எண்ணெய்க்கு இல்லை. ஆர்.ஓ. மெஷினில் எண்ணெய்த் தண்ணீர் போனால் மெம்பிரேன் கெட்டுவிடும். ஆகவே பின்பக்கப் போர் தண்ணீரைக் குடிக்க, சமைக்க, குழந்தைகளைக் குளிப்பாட்டப் பயன்படுத்த வேண்டாம். ரிப்போர்ட் வரும் வரை முன்பக்கப் போரும் மெட்ரோ வாட்டர் லாரியும் போதும்படி நாம் சமாளிக்க வேண்டும். முன்பக்கப் போர் தண்ணீரில் இதுவரை வாடை இல்லை, ஆனால் அதையும் குடிக்க வேண்டாம். சம்ப்பையும் மேல்தொட்டியையும் காலி செய்து சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், படலம் சுவரில் ஒட்டியிருக்கும்.

புதுக் கம்ப்ரசர் வாங்கலாமா என்று பொருளாளர் கேட்டார். ரிப்போர்ட் வந்த பிறகு யோசிக்கலாம். வாங்கினால் எண்ணெய் இல்லாததாக, ஜெனரேட்டர் அறைக்கு வெளியே, சுத்தமான காற்று வருகிற இடத்தில் வைக்க வேண்டும். காற்றுக் குழாய் புதிதாகப் போட வேண்டும். டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும், நம் ஊர் ஈரக் காற்றில் அது சீக்கிரம் சேரும். சேஃப்டி வால்வை யாரும் அடைத்து வைக்கக் கூடாது. சத்தத்தையும் பாருங்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45 என்பது விதி. ஏ பிளாக் தரைத்தளத்தில் இருக்கிற மாமி இதை எனக்குப் பல முறை ஞாபகப்படுத்தியிருக்கிறார்.

கடைசியாக

பின்பக்கச் சுவரை ஒட்டிய போர்தான் கம்ப்ரசர் போர். மெக்கானிக் கடைக்குப் பக்கத்தில் இருப்பதும் அதே போர்தான். இரண்டு காரணமும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் நாம் குழம்பினோம். பிரித்துப் பார்க்காமல் புகார் கொடுத்து, பிறகு அது நம் எண்ணெய் என்று தெரிந்தால் என்ன செய்வோம்? அந்த மனிதர் இருபது வருடமாக அங்கே கடை வைத்திருக்கிறார். நம் பிள்ளைகளின் சைக்கிளுக்குக் காசு வாங்காமல் காற்றடித்திருக்கிறார். கடையைக் காலி செய்த பிறகு மன்னிப்புக் கேட்டு என்ன பயன்? அவர்தான் காரணம் என்று சாம்பிள் சொன்னால், புகாரில் முதல் கையெழுத்து என்னுடையது. அப்போது அந்தப் புகாருக்கு ஒரு வலுவும் இருக்கும்.

நான் கேட்பது நான்கு. கம்ப்ரசரை இன்றே நிறுத்துவோம். ஃப்ளஷிங் கோட்டேஷனை நிறுத்தி வைப்போம். இரண்டு வாரம் கழித்து முறையாகச் சாம்பிள் எடுப்போம், எடுக்கும்போது மெக்கானிக்கையும் கூப்பிட்டு நிற்க வைப்போம், ரிப்போர்ட்டில் அவருக்கும் ஒரு நகல் கொடுப்போம். அதுவரை வாட்ஸ்அப் குரூப்பில் அவர் கடை போட்டோவைப் போடுவதை நிறுத்துவோம். பரிசோதனைச் செலவில் என் பங்குக்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் தருகிறேன். அந்தக் கம்ப்ரசருக்கு நான் தர வேண்டியது அது.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

(செய்திமடல் குழு குறிப்பு: பேச்சுக்குப் பிறகு நடந்த விவாதத்தின் முடிவில் நான்கு கோரிக்கைகளும் பெரும்பான்மை வாக்குகளால் ஏற்கப்பட்டன. பின்பக்கப் போர் கம்ப்ரசர் அன்று மாலையே நிறுத்தப்பட்டு, காற்றுக் குழாய் வெளியே எடுக்கப்பட்டது. சாம்பிள் எடுக்கும் நாள் நோட்டீஸ் போர்டில் அறிவிக்கப்படும். விருப்பமுள்ள குடியிருப்பாளர்கள் வந்து பார்க்கலாம். பரிசோதனை முடிவு, எதுவாக இருந்தாலும், அடுத்த இதழில் முழுமையாக வெளியாகும்.)